கடவுளின் பெயரை ஒளித்துவைத்த சொற்கள்: ஆங்கிலத்தின் பழைய மென் ஆணைமொழிகள்

‘காஷ்’, ‘காலி’, ‘கிரைக்கி’, ‘டார்ன்’, ‘பை ஜோவ்’ போன்ற சொற்களைப் பழைய ஆங்கிலக் கதைகளில் காணும் தமிழ் வாசகர் அகராதியைத் திறந்தால், பெரும்பாலும் ‘வியப்பைக் குறிக்கும் இடைச்சொல்’ என்ற ஒரே வரிதான் அவருக்குக் கிடைக்கும். அந்த வரி தவறன்று. ஆனால் பேரன் ‘ஜீ’ என்று சொன்னதற்காக ஒரு கதையில் வரும் பாட்டி ஏன் முகம் சுளிக்கிறாள் என்பதையோ, நாடக மேடையில் ஒருவன் கத்திய ‘ஸௌண்ட்ஸ்’ என்ற சொல் அடுத்த பதிப்பில் ஏன் காணாமற்போனது என்பதையோ அந்த ஒரு வரியைக் கொண்டு விளங்கிக்கொள்ள முடியாது. இச்சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் வேறொரு சொல் ஒளிந்திருக்கிறது. அது பெரும்பாலும் கடவுளின் பெயராகவோ, இயேசுவின் பெயராகவோ, சிலுவையில் அவர் பட்ட காயமாகவோ இருக்கும். சில இடங்களில் நரகமும் சாத்தானும் அங்கே பதுங்கியிருப்பதுண்டு.

இவ்வகைச் சொற்களை ஆங்கிலத்தில் ‘மின்ஸ்டு ஓத்’ என்று அழைக்கிறார்கள். ‘மின்ஸ்’ என்பது இறைச்சியைக் கொத்திப் பொடியாக்குவதைக் குறிக்கும் வினைச்சொல். அதன் வேரில் ‘சிறிதாக்குதல்’ என்ற பொருள் இருக்கிறது. ‘ஓத்’ என்றால் ஆணை, அதாவது சத்தியம். ஆக, கூர்மை குறையும்படி சிதைத்துச் சிறிதாக்கிய ஆணைச்சொல் என்பதே அத்தொடரின் கருத்து. இக்கட்டுரையில் அதை ‘மழுக்கிய ஆணைச்சொல்’ என்று குறிப்பிடுகிறேன்.

தொடக்கநிலை வாசகரைக் குழப்பும் முதல் இடம் ‘ஓத்’ என்ற சொல்லின் இரட்டைப் பொருளாகும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழியும் ‘ஓத்’. கால் இடறிய ஆத்திரத்தில் வாயிலிருந்து தெறிக்கும் கெட்ட வார்த்தையும் ‘ஓத்’. ‘ஸ்வேர்’ என்ற வினைக்கும் இதே இரண்டு பொருள்கள் உண்டு. தமிழில் சத்தியம் செய்வதும் வசை பாடுவதும் தனித்தனிச் செயல்கள் என்பதால், ஒரே சொல் இரண்டையும் சுட்டுவது நமக்கு விந்தையாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இவை ஒன்றானதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ஒருவர் ஆணையிடும்போது, தான் சொல்வதற்குக் கடவுளைச் சாட்சியாக அழைக்கிறார். பெரிய காரியத்துக்கு அவ்வாறு அழைப்பது புனிதச் செயல். ஆனால் பகடையில் தோற்றதற்கும், மது பரிமாறத் தாமதமானதற்கும், குதிரை முரண்டு பிடித்ததற்கும் அதே சாட்சியை அழைத்தால், அது அந்தச் சாட்சியை அவமதிப்பதாகிவிடும். இந்த வீண் ஆணைகளே காலப்போக்கில் ஆங்கிலத்தின் முதன்மையான கெட்ட வார்த்தைகளாகக் கருதப்பட்டன.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். முழங்கால் வலியோடு திண்ணையில் அமரும் முதியவர் ‘முருகா’ என்றோ, ‘சிவசிவா’ என்றோ, ‘யா அல்லா’ என்றோ சொல்வதை நாம் பக்தியாகவே கொள்கிறோம். எந்த நேரத்தில் சொன்னாலும் இறைவன் பெயர் நன்மை தரும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலக் கதைகளைப் படிப்பவருக்கு, கடவுளின் பெயரைச் சொல்வது எப்படிக் குற்றமாகும் என்பதே புரியாது. அது புரியாதவரை, அந்தப் பெயரை மறைக்க ஏன் இத்தனை சொற்கள் தோன்றின என்பதும் புரியாது. நன்னூல் கூறும் இடக்கரடக்கலோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ‘கால் கழுவி வந்தேன்’ என்று சொல்லும்போது அவையில் சொல்லத்தகாத ஒன்றை மறைக்கிறோம். ‘காஷ்’ என்று சொல்லும் ஆங்கிலேயரோ எவ்விடத்திலும் போற்றத்தக்க ஒன்றை, இந்த இடத்தில் சொல்லலாகாது என்பதற்காக மறைக்கிறார்.

தடையின் மூலம் விவிலியத்தில் இருக்கிறது. பத்துக் கட்டளைகளில் ஒன்று, தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில், ‘உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’ என்று அமைந்துள்ளது. ‘வீணிலே’ என்ற சொல்லே இங்கு முக்கியமானது. கட்டளை பெயரைச் சொல்வதையே தடுக்கவில்லை. காரணமின்றிச் சொல்வதைத் தடுக்கிறது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரமோ ஒரு படி மேலே சென்று, சத்தியமே பண்ண வேண்டாம் என்று இயேசு சொன்னதாகக் கூறுகிறது. இதை எழுத்துக்கு எழுத்தாக எடுத்துக்கொண்ட குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் நீதிமன்றத்தில்கூட ஆணையிட மறுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அவர்களுக்கென்று ஆணைக்குப் பதிலாக வெறும் உறுதிக்கூற்றை ஏற்கும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

தடை இருந்த இடத்தில் மீறலும் செழித்தது. இடைக்கால இங்கிலாந்தில் கிறிஸ்துவின் உடலுறுப்புகள் மேல் ஆணையிடுவது பெருவழக்காக இருந்தது: கடவுளின் எலும்புகள் மேல் ஆணை, கடவுளின் இரத்தத்தின் மேல் ஆணை, கடவுளின் காயங்கள் மேல் ஆணை, அவரை அறைந்த ஆணிகள் மேல் ஆணை. திருச்சபைப் போதகர்கள் இதை வெறும் ஒழுக்கக்கேடாக மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஆணையும் கிறிஸ்துவின் உடலை மறுபடியும் பிய்க்கிறது என்று அவர்கள் போதித்தார்கள். பக்கிங்ஹாம்ஷயரில், இன்றைய மில்டன் கீன்ஸ் நகரத்தை ஒட்டிய பிராட்டன் என்ற ஊரின் தேவாலயத்தில், 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவரோவியம் ஒன்று இன்னும் இருக்கிறது. நடுவே மரியாள், சிதைந்த மகனின் உடலை மடியில் வைத்திருக்கிறாள். அவளைச் சுற்றிலும் நாகரிகமாக உடுத்திய இளைஞர்கள் அவ்வுடலின் பகுதிகளை ஆளுக்கொன்றாகக் கையில் ஏந்தி நிற்கிறார்கள். வாயால் செய்த குற்றத்தைக் கண்ணால் காணும்படி வரைந்துகாட்டிய அந்தச் சுவரை நினைத்துக்கொண்டு படித்தால், பின்வந்த ‘ஸௌண்ட்ஸ்’ என்ற சொல் வெறும் வேடிக்கையான பழஞ்சொல்லாகத் தோன்றாது.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசரிடமே மழுக்கலின் தொடக்கத்தைக் காணலாம். அவருடைய யாத்திரைக் கதைகளில் வரும் விடுதிக்காரர், ‘காட்’ என்ற பெயரை ‘காக்’ என்று திரித்து, அதன் எலும்புகள் மேல் ஆணையிடுகிறார். அதே கூட்டத்தில் பயணம் செய்யும் கன்னிமடத் தலைவியைப் பற்றி, அவளுடைய மிகப் பெரிய ஆணையே புனித லோய் மேல் இடுவதுதான் என்று சாசர் எழுதுகிறார். அந்த ஒரே வரியில் அவளுடைய நளினம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. ஒருவர் எதன் மேல் ஆணையிடுகிறார் என்பதைக் கொண்டு அவர் எப்படிப்பட்டவர் என்று காட்டும் உத்தி, ஆங்கில இலக்கியத்தில் அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது.

அடுத்து, சொல்லை எவ்வாறு மழுக்குகிறார்கள் என்பதைப் பார்க்கலாம். மிகப் பழைய வழிகளில் ஒன்று தலையை வெட்டுவது. ‘காட்ஸ் பிளட்’, அதாவது கடவுளின் இரத்தம், என்பதில் ‘காட்’ என்ற பெயரை நீக்கிவிட்டால், வேற்றுமையைக் காட்டும் ‘ஸ்’ மட்டும் எஞ்சி, ‘ஸ்பிளட்’ என்றாகும். கடவுளின் மரணம் ‘ஸ்டெத்’ ஆனது. கடவுளின் கண்ணிமை ‘ஸ்லிட்’ ஆனது. கடவுளின் காயங்கள் ‘ஸௌண்ட்ஸ்’ ஆயின. இந்தக் கடைசிச் சொல்லை ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்தைக் கொண்டு எழுதுவதால், மூலத்தின் தடயம் எழுத்திலும் மறைந்துவிட்டது. காயத்தைக் குறிக்கும் ‘வூண்ட்’ என்ற சொல்லோடு ஒத்து ஒலிக்க வேண்டிய அதை, இன்று பெரும்பாலோர் ஓசையைக் குறிக்கும் ‘சவுண்ட்’ என்ற சொல்லைப் போலவே உச்சரிக்கிறார்கள். உள்ளே இருந்த காயம் முற்றிலும் மறக்கப்பட்டது என்பதற்கு இந்த உச்சரிப்பே சான்று. சில சமயம் முதல் எழுத்தை மட்டும் நறுக்கினார்கள். அப்போது ‘காட்ஸ்’ என்பது ‘ஓட்ஸ்’ ஆயிற்று. ‘ஓட்ஸ் பாடிகின்ஸ்’ என்றால் கடவுளின் சிற்றுடல். ‘காட்ஸூக்ஸ்’ என்பதன் பின்பாதியில் இருப்பவை கொக்கிகள். அவை சிலுவையின் ஆணிகள் என்று விளக்கப்படுகின்றன.

இந்தத் தலைவெட்டிய ஆணைகள் 1600ஐ ஒட்டிய லண்டன் மேடைகளில் நிறைந்திருந்தன. 1606இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நாடகத்தில் கடவுள், இயேசு கிறிஸ்து, பரிசுத்த ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை வேடிக்கையாகவோ அவமதிப்பாகவோ பயன்படுத்தினால், ஒவ்வொரு முறைக்கும் 10 பவுன் அபராதம். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த லண்டன் குளோப் அரங்கில் நின்று பார்ப்பதற்கு அக்காலத்தில் ஒரு பென்னிதான் கட்டணம். ஒரு பவுனுக்கு 240 பென்னி என்பதால், ஒரே ஒரு சொல்லுக்காக 2,400 பேரின் நுழைவுக் கட்டணத்தை இழக்க நேரிடும். அபராதத்தில் பாதி, காட்டிக்கொடுத்தவருக்குச் சேரும் என்பதும் சட்டத்திலேயே இருந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தின் இரண்டு பழைய பதிப்புகளை அருகருகே வைத்தால் இதன் தாக்கம் தெரியும். 1622இல் வெளியான பதிப்பில், நாடகத்தின் வில்லனான இயாகோவின் பேச்சு ‘ஸ்பிளட்’ என்ற ஆணையோடு தொடங்குகிறது. 1623இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பில் அந்தச் சொல் இல்லை. முதல் பதிப்பின் இயாகோ வாயைத் திறந்ததுமே கடவுளின் இரத்தத்தை இழுக்கிறான். இரண்டாவதில் அந்த முரட்டுத்தனம் குறைந்துவிடுகிறது. ஒரு பாத்திரத்தின் குணத்தையே ஓர் ஆணைச்சொல் தாங்கி நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ஆணையின் வலிமை பேசுபவரின் வர்க்கத்தோடு பிணைந்தது என்பதையும் ஷேக்ஸ்பியரே காட்டுகிறார். ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் முதற்பாகத்தில் ஹாட்ஸ்பர் என்ற போர்வீரன், தன் மனைவி ‘மெய்யாகவே’ என்ற பொருளில் ஒரு சாதுவான சொல்லால் உறுதி கூறியதைக் கேட்டு, மிட்டாய்க்காரன் மனைவியைப் போல ஆணையிடாதே என்று கடிந்துகொள்கிறான். உயர்குடிப் பெண்ணுக்கு உரிய, வாயை நிரப்பும் நல்ல ஆணையாக இடு என்கிறான். கடைக்காரக் குடும்பங்கள் மென்சொற்களைக் கையாண்டன, பிரபுக்கள் வன்சொற்களைக் கையாண்டார்கள் என்ற அக்கால எண்ணம் இதில் பதிவாகியிருக்கிறது. கெட்ட வார்த்தை பேசுவது தாழ்ந்தோர் வழக்கம் என்று பிற்காலத்தில் பரவிய கருத்துக்கு இது நேர் எதிரானது.

இரண்டாவது வழி, தலையை வைத்துக்கொண்டு வாலை மாற்றுவது. இன்று நாம் அதிகம் சந்திக்கும் சொற்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. வாய் பழக்கத்தால் தடைசெய்யப்பட்ட சொல்லைத் தொடங்கிவிடுகிறது; மனம் பாதியில் விழித்துக்கொண்டு வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. ‘காட்’ என்று தொடங்கியது ‘காஷ்’ என்றும், ‘காலி’ என்றும், ‘கம்’ என்றும் முடிகிறது. ‘ஜீஸஸ்’ என்று தொடங்கியது ‘ஜீ’, ‘ஜீப்பர்ஸ்’, ‘ஜிமினி’ என்று திரிகிறது. ‘கிரைஸ்ட்’ என்று தொடங்கியது ‘கிரைக்கி’, ‘கிரைப்ஸ்’, ‘கிரம்ஸ்’ ஆகிறது. கடைசிச் சொல் ரொட்டித் துகளைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகவே இருப்பதால் முழுமையான மறைப்பாகிறது. ‘ஃபார் கிரையிங் அவுட் லவுட்’ என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ‘உரக்க அழுவதற்காக’ என்று பொருளற்ற ஒன்று கிடைக்கும். ‘கிறிஸ்துவின் பொருட்டு’ என்று சொல்லத் தொடங்கி, அப்பெயரின் முதல் ஒலியைத் தாண்டியதும் வேறு சொல்லுக்குத் தாவிய தொடர் அது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் நீங்கிவிடும். ‘ஜிமினி கிரிக்கெட்’ என்ற வியப்புத்தொடரில் இரண்டு சொற்களும் சேர்ந்து இயேசு கிறிஸ்துவின் ஆங்கிலப் பெயருக்குரிய முதலெழுத்துகளைக் காக்கின்றன. 1940இல் வெளியான வால்ட் டிஸ்னியின் ‘பினோக்கியோ’ படத்தில் மனச்சாட்சியாக வரும் சில்வண்டுக்கு அதையே பெயராக வைத்தார்கள்.

‘காலி’ என்ற சொல்லை இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் ஒயிட் 1775இல் தம் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார். வண்டிக்காரர்களும் கீழ்நிலை மக்களும் கையாளும் ஒருவகைக் களிப்பான ஆணை என்று அதை அவர் விளக்குகிறார். பின்னாளில் பள்ளிச் சிறுவர்களின் அப்பாவித்தனமான சொல்லாகிவிட்ட ஒன்று, வண்டிப்பேட்டையிலிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மூன்றாவது வழியில் சொல்லைத் திரிப்பதில்லை. அந்த இடத்தில் வேறொருவரை அமர்த்திவிடுகிறார்கள். ‘பை ஜோவ்’ என்பதில் வரும் ஜோவ், ரோமானியரின் ஜூபிடர். கிறித்தவ நாட்டில் யாரும் வழிபடாத கடவுள் என்பதால், அவர் பெயரை வீணிலே வழங்கினாலும் கட்டளையை மீறியதாகாது. ‘பை ஜார்ஜ்’ என்பது இங்கிலாந்தின் காவற்புனிதரான ஜார்ஜின் பெயரால் இடும் ஆணை. ‘மை குட்னஸ்’, ‘ஃபார் குட்னஸ் சேக்’ ஆகியவற்றில் கடவுளின் இடத்தில் அவருடைய நற்குணமும், ‘குட் ஹெவன்ஸ்’ என்பதில் அவர் வாழும் வானமும் நிற்கின்றன. ஷேக்ஸ்பியர் காலத்து உரையாடல்களில் அடிக்கடி வரும் ‘மேரி’ என்ற சொல் கன்னி மரியாளின் பெயரே. அது நாளடைவில் ‘ஆமாம்’, ‘அப்படியா’ என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதைத் திருமணத்தைக் குறிக்கும் சொல்லாக எண்ணிப் பொருள்கொள்ளும் பிழையை மாணவர்கள் எளிதில் செய்துவிடுவார்கள்.

கடவுளைப் போலவே அவருடைய எதிர்த்தரப்பையும் மறைக்க வேண்டியிருந்தது. நரகத்தைக் குறிக்கும் ‘ஹெல்’ என்பது ‘ஹெக்’ ஆனது. நரகத் தீர்ப்பிடும் ‘டாம்’ என்பது ‘டார்ன்’, ‘டாங்’, ‘டாஷ்’ ஆகியவையாக மாறியது. அமெரிக்க அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டர் 1789இலேயே ‘டார்ன்’ என்ற நியூ இங்கிலாந்து வழக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து அது வந்தது என்று அவர் நிறுவ முயன்றதைப் பிற்கால அறிஞர்கள் ஏற்கவில்லை. அச்சிலோ சொல்லைத் திரிக்காமல், முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டார்கள். 1878இல் லண்டனில் அரங்கேறிய ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ என்ற இசை நாடகத்தில், தான் ஒருபோதும் அந்தப் ‘பெரிய டி’ எழுத்தைச் சொல்வதில்லை என்று ஒரு கப்பல் தலைவன் பெருமையாகப் பாடுகிறான். ஓர் எழுத்தைச் சுட்டினாலே அரங்கம் முழுவதும் புரிந்துகொண்ட காலம் அது. சாத்தானுக்கு ‘டியூஸ்’, ‘டிக்கன்ஸ்’ என்ற மாற்றுப் பெயர்கள் வழங்கின. ‘டியூஸ்’ என்பது இரண்டு பகடைகளை உருட்டும்போது விழும் மிகக் குறைந்த எண்ணான இரண்டிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. தோற்கும் ஆட்டக்காரனின் வாயில் அச்சொல் எப்படிச் சாத்தானின் பெயரானது என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

நான்காவது வழி, ஒரு முழு வாக்கியத்தையே ஒரு சொல்லாக நசுக்கிவிடுவது. லண்டன் கீழ்ப்பகுதி மக்களின் ‘கோர்பிளைமி’ என்ற சொல், ‘கடவுள் என்னைக் குருடாக்கட்டும்’ என்ற வாக்கியத்தின் சுருக்கம். நான் சொல்வது பொய்யானால் என் கண் போகட்டும் என்பது அதன் கருத்து. அதிலிருந்து கடவுள் முழுவதும் உதிர்ந்து ‘பிளைமி’ மட்டும் நின்றது. ‘என் கண்ணாணை’ என்று சொல்லும் நமக்கு இதன் உள்ளோட்டம் அந்நியமாக இராது. ஆஸ்திரேலியர் வாயில் அதிகம் கேட்கும் ‘ஸ்ட்ரூத்’ என்பது ‘கடவுளின் உண்மை’. எரிச்சலில் சொல்லும் ‘டிராட்’ என்பது ‘கடவுள் அழுகச் செய்யட்டும்’ என்ற சாபத்தின் எச்சம்.

மேடைக்கு வெளியே பொதுமக்களின் பேச்சையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. 1745ஆம் ஆண்டின் வீண் ஆணைகள் சட்டம், தண்டனையைப் படிநிலைப்படி வகுத்தது: கூலித் தொழிலாளி, சாதாரணப் படைவீரன், மாலுமி ஆகியோருக்கு ஒரு ஆணைக்கு 1 ஷில்லிங், கனவான் நிலைக்குக் கீழ்ப்பட்ட மற்றவர்களுக்கு 2 ஷில்லிங், கனவானுக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும் 5 ஷில்லிங். இரண்டாம் முறை இரு மடங்கு, அதற்குப் பிறகு மும்மடங்கு. ஆண்டுக்கு நான்கு முறை இச்சட்டத்தைத் தேவாலயங்களில் உரக்கப் படிக்க வேண்டும் என்றும் விதித்திருந்தார்கள். நெடுங்காலம் செயலற்றுக் கிடந்த இச்சட்டம் 1967இல்தான் முறையாக நீக்கப்பட்டது. அபராதத்துக்குப் பயந்து எல்லோரும் ‘காஷ்’ என்று சொல்லத் தொடங்கினார்கள் என்று முடிவுகட்டுவது மிகையாகும். ஆயினும் தேவாலயம், சட்டம், வீட்டுப் பெரியவர்கள் என மூன்று பக்கமும் நெருக்கம் இருந்ததால்தான் மாற்றுச்சொற்களுக்கு இவ்வளவு தேவை ஏற்பட்டது என்று நான் கருதுகிறேன். தீவிரப் பற்றுள்ள சில கிறித்தவர்கள் இந்த மாற்றுச்சொற்களையும் ஏற்கவில்லை. மறைப்பைப் போட்டாலும் உள்ளே இருப்பது அதே பெயர்தானே என்பது அவர்கள் வாதம். தொடக்கத்தில் சொன்ன பாட்டி முகம் சுளிப்பது இந்தக் காரணத்தால்தான்.

சொற்களின் பிறப்பைப் பற்றிய கதைகளை ஏற்பதில் எச்சரிக்கை தேவை. ‘டிக்கன்ஸ்’ என்ற சொல் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் பெயரிலிருந்து வந்தது என்று பலர் நம்புகிறார்கள். அவர் பிறந்தது 1812இல். அச்சொல்லோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஷேக்ஸ்பியரின் ‘வின்ட்ஸரின் குதூகல மனைவியர்’ நாடகத்தில் வந்துவிட்டது. ‘கிரேட் ஸ்காட்’ என்பதில் வருபவர் அமெரிக்கத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் அது உறுதிப்படாத ஊகமே. ‘பிளடி’ என்ற வசைச்சொல் ‘நம் அன்னையின் பெயரால்’ என்ற பழைய ஆணையின் திரிபு என்ற விளக்கமும் பரவலாகக் காணப்படுகிறது. அச்சொல் பயன்பட்ட முறையோடு இவ்விளக்கம் பொருந்தவில்லை என்பதால் அகராதியாசிரியர்கள் அதை ஏற்பதில்லை.

‘பிளடி’ என்ற அந்தச் சொல்லின் வரலாறு, ஒரு சொல்லின் வன்மை நிலையானதன்று என்பதை நன்கு காட்டுகிறது. 1887இல் ‘ரட்டிகோர்’ என்ற இசை நாடகம் லண்டனில் அரங்கேறியபோது, பெயரின் முதற்பாதி சிவப்பைக் குறிக்கும் ‘ரட்டி’ என்ற சொல்லின் எழுத்துகளிலேயே இருந்தது. அச்சொல் ‘பிளடி’ என்பதற்கு மாற்றாக வழங்கியதால் எதிர்ப்பு எழுந்து, சில நாட்களிலேயே பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றினார்கள். 1914 ஏப்ரல் 11 அன்று, பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் பூக்காரி எலைசா அந்தச் சொல்லை மேடையிலேயே சொன்னபோது லண்டன் அதிர்ந்தது, சிரிக்கவும் செய்தது. பிறகு சிலகாலம் அந்த நாடகத்தின் பெயரையே அச்சொல்லுக்கு மாற்றாக வைத்துப் பேசினார்கள். இன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அச்சொல் யாரையும் நாற்காலியிலிருந்து எழச் செய்யாது.

20ஆம் நூற்றாண்டில் மதத் தடை தளர்ந்து, உடலையும் பாலுறவையும் குறிக்கும் சொற்களே ஆங்கிலத்தின் முதன்மைத் தடைச்சொற்களாயின. பழைய வழிமுறைகள் அப்படியே புதிய சொற்களுக்கு மாற்றப்பட்டன. குழந்தைகளின் முன்னால் கைதவறிப் பாத்திரத்தைப் போட்ட தாய் ‘ஷூட்’ என்றோ, ‘ஷுகர்’ என்றோ சொல்வது, அதே ஒலியில் தொடங்கும் மலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து விலகுவதற்காகவே. தலையை வைத்து வாலை மாற்றும் அதே பழைய முறை இது. கைப்பேசியில் இளைஞர் தட்டும் ‘ஓஎம்ஜி’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கம்கூட நாம் எண்ணுவதைவிடப் பழையது: ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் பிரபு, 1917 செப்டம்பரில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பயன்படுத்தி, ‘ஓ மை காட்’ என்று விரிவையும் அடைப்புக்குள் தந்திருக்கிறார். இன்று அந்தக் கடைசி எழுத்தை ‘காஷ்’ என்று விரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி, படிப்பவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் பயன்படும் செய்திக்கு வருகிறேன். இச்சொற்களைக் கண்டதும், யார் பேசுகிறார், எந்தக் காலத்தில், எந்த ஊரில் என்று கேட்க வேண்டும். ‘பை ஜோவ்’ என்பவர் பெரும்பாலும் விக்டோரியா அரசி காலத்து அல்லது அதற்குச் சற்றுப் பிந்திய வசதியான ஆண்மகன். ‘லார்ட்’ (ஆண்டவர்) என்பதைத் திரித்து ‘லாக்ஸ்’ என்பவள் அக்காலக் கதைகளின் வேலைக்காரப் பெண். ‘கிரம்ஸ்’ என்பவன் பள்ளிச் சிறுவன். ‘பை கம்’ என்பவர் வட இங்கிலாந்துக்காரர். ‘டார்னேஷன்’ என்பவர் பழைய அமெரிக்க எல்லைப்புறத்தவர். ‘பை காட்’ என்பதைத் திரித்து ‘பெகோரா’ என்பவர் பிறர் கேலியாகச் சித்திரித்த அயர்லாந்துக்காரர். ‘ஸௌண்ட்ஸ்’ 1600இன் கதையில் வந்தால் அது வன்மையான ஆணை. இன்று எழுதப்படும் கதையில் வந்தால் வேண்டுமென்றே பூசிய பழமைச் சாயம்.

‘குட் ஹெவன்ஸ்’ என்பதை ‘நல்ல வானங்களே’ என்று எழுதும் மொழிபெயர்ப்பு வெளிப்படையான பிழை என்பதால் அதனால் பெரிய கேடில்லை. ‘பை ஜோவ்’ என்பதை ‘கடவுளே’ என்று எழுதுவதே என்னை அதிகம் வருத்துகிறது. படிக்க இயல்பாக இருந்தாலும், பேசியவர் தவிர்க்க முயன்ற அதே பெயரை அவர் வாயில் திணித்துவிடுகிறது. அந்த இடத்துக்கு ‘அடேயப்பா’, ‘அட’, ‘அம்மாடி’ ஆகியவற்றில் ஒன்று பொருந்தும். எரிச்சல் சொற்களுக்குத் தமிழ் வேறு ஊற்றிலிருந்து நீர் எடுக்கிறது. நம் மென்வசைகள் பலவற்றில் இருப்பவை சாவும் கிரகமும். பூனையைப் பார்த்து ‘டிராட்’ என்று ஓர் ஆங்கிலக் கிழவி சொன்னால், ‘சனியன் பிடித்த பூனை’ என்பது அளவிலும் சூட்டிலும் சரியாக அமர்கிறது. ‘வின்ட்ஸரின் குதூகல மனைவியர்’ நாடகத்தில் திருமதி பேஜ், ஒருவருடைய பெயர் நினைவுக்கு வராதது போலக் காட்டிக்கொண்டு, அவன் பெயர் என்ன ‘டிக்கன்ஸ்’ என்று தெரியவில்லை என்கிறாள். அங்கே சாத்தானைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘அவன் பேர் என்ன எழவோ, வாயில் வரமாட்டேன் என்கிறது’ என்று எழுதினால், அந்த அம்மாள் தமிழில் பேசுகிறாள்.